கட்டியின் குருதிக்குழாய்களைக் கதிர்வீச்சு என்ன செய்கிறது? ஏன் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெறுபவர்களின் வீடுகளில் ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. "கரண்ட் பிடித்தால் (கதிர்வீச்சு கொடுத்தால்) கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் கருகிவிடும், இரத்தம் நின்றால் கட்டி தானாக வற்றிவிடும்" என்பதுதான் அது. கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நம்புகிறவர்கள் அடுத்துச் செய்யும் காரியங்கள் கவலை தருகின்றன. "இரத்தம் ஊறினால் கட்டிக்கும்தானே ஊறும்" என்று இரும்புச்சத்துக் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். வாட்டில் குருதி ஏற்ற வேண்டும் என்றால் தயங்குகிறார்கள். இரண்டு கிழமை சிகிச்சை முடிந்து இரத்தக் கசிவு நின்றதும், "குழாய் கருகிவிட்டது, இனிப் பயமில்லை" என்று ஊருக்குப் போய் ஐந்தாறு நாள் நின்றுவிட்டு வருகிறார்கள். இவை மூன்றுமே சிகிச்சையின் பலனைக் குறைப்பவை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருப்பதால் கடிதம் நீள்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய்க் கட்டி ஒன்றிரண்டு மில்லிமீற்றரைத் தாண்டி வளர வேண்டுமானால் அதற்கென்று குருதிக்குழாய்கள் வேண்டும். இந்தக் கருத்தை அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன் 1971 இல் முன்வைத்தார். ஒட்சிசன் போதாமல் திணறும் கட்டிக் கலங்கள் வீ.ஈ.ஜீ.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது அருகிலுள்ள நல்ல குழாய்களிலிருந்து புதுக் கிளைகளை இழுத்தெடுக்கிறது. அவசரத்தில் முளைக்கும் இந்தக் கிளைகள் ஒழுங்காக அமைவதில்லை. சாதாரண மயிர்த்துளைக்குழாயின் உட்சுவரில் அகவணிக் கலங்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். வெளியே இருந்து அவற்றை அணைத்துத் தாங்கும் கலங்களும் உண்டு. கட்டியின் குழாய்களிலோ அகவணிக் கலங்களுக்கிடையே ஓட்டைகள் இருக்கும். தாங்கும் கலங்கள் பல இடங்களில் இருப்பதே இல்லை, இருந்தாலும் சரியாகப் பற்றியிருப்பதில்லை. குழாய் ஓரிடத்தில் புடைத்தும் இன்னோரிடத்தில் நெரிந்தும் போகும். சில கிளைகள் எங்கும் சேராமல் முட்டுப்பட்டு நிற்கும். சிலவற்றில் குருதி சற்று நேரம் நின்றுவிட்டு எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். மதகும் வரம்பும் இல்லாமல் வெட்டிய வாய்க்காலுக்கு இதை ஒப்பிடலாம்: தண்ணீர் நிறைய வருகிறது, ஆனால் வயல் முழுவதற்கும் பாய்வதில்லை. ஓட்டைகள் வழியே வெளியேறும் திரவம் கட்டிக்குள் தேங்குகிறது. அதனால் ஏறும் அமுக்கம் அதே குழாய்களை வெளியே இருந்து நெரிக்கிறது.

இதன் விளைவு ஒட்சிசன் பஞ்சம். குழாயிலிருந்து கலங்களைத் தாண்டி ஒட்சிசன் பரவக்கூடிய தூரம் ஏறத்தாழ 100 முதல் 200 மைக்கிரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு. தொம்லின்சன், கிரே என்ற பிரித்தானிய ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுநோய்த் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் அளந்து 1955 இல் இதைக் காட்டினார்கள். குழாய்கள் சூழ்ந்த கலத் தண்டின் ஆரை 160 மைக்கிரோமீற்றருக்குக் குறைவாக இருந்த இடங்களில் இறந்த பகுதி இல்லை. 200 ஐத் தாண்டிய இடங்களிலெல்லாம் தண்டின் நடுப்பகுதி இறந்திருந்தது. உயிருள்ள பகுதிக்கும் இறந்த பகுதிக்கும் இடையில் ஒரு மெல்லிய படை இருக்கிறது. அதிலுள்ள கலங்கள் பட்டினியாகக் கிடந்தாலும் சாகவில்லை. கதிர்வீச்சுத் துறையில் இருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி இந்தப் படைதான். இதைத் தவிர, குழாய் சில நிமிடங்களோ மணித்தியாலங்களோ அடைபட்டுத் திறப்பதால் தற்காலிகமாக ஒட்சிசன் இழக்கும் கலங்களும் உண்டு.

பட்டினி கிடக்கும் கலம் சுலபமாகச் சாகும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கதிர்வீச்சில் நடப்பது இதற்கு நேர்மாறு. எக்ஸ் கதிர்கள் கலத்துக்குள் இருக்கும் நீரைத் தாக்கி, மிகக் குறுகிய நேரமே நிலைக்கும் வீரியமான இரசாயனத் துணிக்கைகளை (மூலிகங்களை) உண்டாக்குகின்றன. அவை மரபணுப் பொருளான டீ.என்.ஏ.யைச் சேதப்படுத்துகின்றன. அந்த நொடியின் மிகச் சிறிய பின்னத்துக்குள் ஒட்சிசன் அங்கே இருந்தால், அது சேதத்தோடு சேர்ந்து திருத்த முடியாததாக ஆக்கிவிடுகிறது. ஒட்சிசன் இல்லையேல் கலத்திலுள்ள கந்தகச் சேர்வைகள் ஐதரசனைக் கொடுத்து அந்தச் சேதத்தைச் சரிசெய்துவிடுகின்றன. ஆகவே ஒட்சிசன் அறவே இல்லாத கலத்தைக் கொல்ல, ஒட்சிசன் நன்றாக உள்ள கலத்துக்குத் தேவையானதைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டும். சாதாரணமாக ஒரு நாளைக்குக் கொடுக்கும் அளவு 2 கிரே. அதே வேலையை ஒட்சிசன் அற்ற கலத்தில் செய்ய 5 அல்லது 6 கிரே தேவை. நாள்தோறும் அவ்வளவு கொடுத்தால் பக்கத்திலுள்ள நல்ல திசு தாங்காது. 'கிரே' என்ற இந்த அலகு, மேலே சொன்ன ஹரல்ட் கிரேயின் பெயரால் வந்ததே.

ஆகவே சிகிச்சை நடக்கும் காலத்தில் கட்டிக்குள் குருதி ஓடவேண்டும். மருந்து கொண்டுபோகும் வழியும் அதுதான், கதிர்வீச்சுக்குக் கைகொடுக்கும் ஒட்சிசனின் வழியும் அதுதான். எங்கள் கடிதத்தின் சாரம் இந்த ஒரு விடயம். மற்றவையெல்லாம் இதிலிருந்து வருபவை.

நாளுக்கு 2 கிரே வீதம், கிழமைக்கு ஐந்து நாள் என்று ஏன் பிரித்துக் கொடுக்கிறோம் என்பதை ஒரே ஒரு குழாயை வைத்துப் பார்க்கலாம். குழாயை ஒட்டியுள்ள கலங்களுக்கு ஒட்சிசன் நிறைய உண்டு. முதல் நாள் கதிர்வீச்சில் அதிகமாகச் சாவதற்குரிய சேதத்தை அடைபவை அவைதான். அடுத்து வரும் நாட்களில் அவை ஒவ்வொன்றாகக் கழிகின்றன. கழிந்த கலம் ஒட்சிசனை உறிஞ்சாது. எனவே குழாயிலிருந்து வரும் ஒட்சிசன் முன்பைவிடத் தொலைவுக்குப் போகிறது. நேற்றுவரை பட்டினி கிடந்த தொலைவிலுள்ள படையில் சில கலங்களுக்கு இன்று ஒட்சிசன் எட்டுகிறது, இன்றைய 2 கிரே அவற்றைத் தாக்குகிறது. கலங்கள் குறையக் குறைய உள்ளமுக்கம் தணிந்து, நெரிபட்டிருந்த குழாயும் சற்று விரிகிறது. விலங்குகளில் செய்த ஆய்வுகளிலும் நோயாளர்களை ஸ்கான் செய்து பார்த்த ஆய்வுகளிலும், சிறு அளவுகளாகக் கொடுக்கும்போது முதல் கிழமைகளில் பல கட்டிகளில் குருதியோட்டம் கூடுவது பதிவாகியிருக்கிறது. மொத்த அளவு ஏறி சிகிச்சையின் பிற்பகுதிக்கு வரும்போதுதான் குழாய்கள் குறையத் தொடங்குகின்றன. எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒரே கட்டியின் இரண்டு ஓரங்கள்கூட வேறுபடும். ஆனால் "முதல் நாளே குழாய் கருகிவிடும்" என்பது எந்தக் கட்டிக்கும் பொருந்தாது.

அப்படியானால் இரத்தக் கசிவு ஏன் அவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்று கேட்பீர்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலும் நுரையீரல், சிறுநீர்ப்பைக் கட்டிகளிலும் கசிவை நிறுத்துவதற்கென்றே 8 கிரேயை ஒரே தடவையிலோ 20 கிரேயை ஐந்து நாட்களிலோ கொடுப்பதுண்டு. சிலருக்கு ஓரிரு நாட்களிலேயே கசிவு குறைந்துவிடும். அங்கே நடப்பது கருகல் அல்ல. கதிர்வீச்சு பட்ட அகவணிக் கலங்கள் வீங்கி, அவற்றின் மேற்பரப்பு ஒட்டும் தன்மை பெறுகிறது. குருதிச் சிறுதட்டுக்கள் வந்து அதில் ஒட்டிக்கொண்டு ஓட்டை வாய்களை மூடுகின்றன. குழாய் நிரந்தரமாக மூடிக் கட்டியின் மேற்பரப்பு சுருங்குவது அதற்குப் பின் கிழமைக் கணக்கில் நடப்பது. கசிவு நின்றது நல்ல செய்திதான், ஆனால் கட்டி அழிந்ததற்கு அது அத்தாட்சி அல்ல. 28 நாள் சிகிச்சையில் ஏழாம் நாள் கசிவு நின்றால் இன்னும் 21 நாள் பாக்கி இருக்கிறது.

குழாயைக் குறிவைத்தே கொல்லும் அளவு ஒன்று உண்டா? உண்டு, ஆனால் அது வேறு வகைச் சிகிச்சை. ஒரே தடவையில் 8 முதல் 10 கிரேக்கு மேல் கொடுக்கும்போது எலிகளில் வளர்த்த கட்டிகளின் அகவணிக் கலங்கள் சில மணித்தியாலங்களுக்குள் தாமாகவே மடிகின்றன. கல மென்சவ்விலிருந்து செரமைட் என்ற கொழுப்புப் பொருள் வெளிப்பட்டு அந்த மடிதலைத் தூண்டுவதாக நியூயோர்க் ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்டார்கள். சிறிய நுரையீரல் கட்டிகளுக்கு 54 கிரேயை மூன்றே தடவையில் குறுகலாகக் குவித்துக் கொடுக்கும் முறை வெற்றிபெறக் குழாய் அழிவும் ஒரு காரணம் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். அவ்வளவு பெரிய அளவு கட்டிக் கலங்களை நேரடியாகக் கொல்லவே போதும், குழாய் அழிவைக் காரணம் காட்டத் தேவையில்லை என்கிறார்கள் மறுசாரார். மனித நோயாளர்களின் முடிவுகளைப் பார்க்கையில் இரண்டாவது தரப்பின் கணக்கே பொருந்துவதாக எங்களுக்குப் படுகிறது. அந்த முறையிலும் அடுத்தடுத்த நாட்களில் கொடுப்பதில்லை. அமெரிக்காவின் முக்கியமான ஆய்வொன்றில் இரு தடவைகளுக்கிடையே குறைந்தது 40 மணித்தியால இடைவெளி வைக்கப்பட்டது. நெரிந்த குழாய்கள் மீளவும் ஒட்சிசன் திரும்பவும் அவகாசம் கிடைப்பது அந்த இடைவெளியின் பயன்களில் ஒன்று.

கதிர்வீச்சினால் குழாய் மூடுவதைச் சந்தேகமில்லாமல் காட்டும் இடம் புற்றுநோயே அல்லாத ஒரு நோய். மூளையில் நாடிகளும் நாளங்களும் பிறவியிலேயே சிக்குப்பட்டுக் கிடக்கும் நிலை அது. அந்தச் சிக்கலுக்குள் 15 முதல் 25 கிரே வரை ஒரே தடவையில் குவிக்கிறார்கள். குழாய்ச் சுவர் உட்பக்கமாகத் தடித்துத் தடித்து முற்றாக மூடுவதற்கு இரண்டு மூன்று வருடங்கள் எடுக்கிறது. குழாய்கள் கதிர்வீச்சுக்கு எவ்வளவு மெதுவாகப் பணிகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தெரியவில்லை.

குழாயை மருந்தால் அடைத்துவிட்டுக் கதிர்வீச்சும் கொடுத்தால் என்ன என்ற கேள்வியும் சோதிக்கப்பட்டுவிட்டது. வீ.ஈ.ஜீ.எஃப். புரதத்தைத் தடுக்கும் பெவசிசுமாப் என்ற மருந்தை மூளைப் புற்றுநோயில் கதிர்வீச்சுடன் சேர்த்துக் கொடுத்த இரு பெரிய ஆய்வுகள் 2014 இல் வெளிவந்தன. நோய் முன்னேறுவது சற்றுத் தள்ளிப்போனது, ஆனால் ஆயுள் கூடவில்லை. கதிர்வீச்சு முடிந்த பின் எஞ்சிய கலங்கள் எலும்பு மச்சையிலிருந்து கலங்களை வரவழைத்துப் புதுக் குழாய்கள் அமைக்கும் வழியும் எலிகளில் கண்டறியப்பட்டுள்ளது. கட்டியைப் பட்டினி போட்டே வென்றுவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஆராய்ச்சிக்கூடத்திலும் சிகிச்சையிலும் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை.

இனி வீட்டில் செய்யவேண்டியவை. முதலாவது, குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின். கருப்பைக் கழுத்து, தலை, கழுத்துப் புற்றுநோய்களில் ஈமோகுளோபின் குறைந்தவர்களுக்குக் கதிர்வீச்சின் பலன் குறைவு என்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டது. பெரும்பாலான பிரிவுகள் டெசிலீற்றருக்கு 10 கிராமுக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. சிகிச்சைக் காலத்தில் கிழமைக்கொரு தடவை குருதிப் பரிசோதனை எழுதுவது இதற்காகத்தான். வைத்தியர் இரும்புச்சத்துக் குளிசை தந்திருந்தால் நிறுத்த வேண்டாம். அதை வெறுந்தேநீருடனோ பால்தேநீருடனோ விழுங்க வேண்டாம். தேயிலையிலுள்ள பொருள் இரும்பைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். தேசிக்காய்ச் சாறோ தோடம்பழமோ கூட எடுத்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போவது குளிசையால் வருவது. அதற்குப் பயந்து குளிசையை நிறுத்த வேண்டாம். கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களைச் சிகிச்சை முடியும்வரை தள்ளிவையுங்கள். எடை குறைந்தால், தலை, கழுத்துச் சிகிச்சையில் அசையாமல் இருக்க முகத்தில் மாட்டும் வலைக்கவசம் தளர்ந்து குறி தவறும் பிரச்சினையும் அதோடு சேரும்.

குருதியைக் கூட்டுவதாகச் சொல்லி எரித்ரோபொயெட்டின் ஊசியைச் சொந்தச் செலவில் வாங்கிப் போட எவராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 351 பேரில் செய்து 2003 இல் வெளியான ஆய்வில், அந்த ஊசி போட்டவர்களுக்கு ஈமோகுளோபின் உயர்ந்தது, ஆனால் நோய் திரும்புவது கூடியது. எண்ணிக்கை உயர்வது மட்டும் போதாது என்பதை அன்று கற்றோம். இதுபோலவே பெரிய அளவு வைற்றமின் ஈ, பீற்றாகரோட்டின் குளிசைகளையும் சிகிச்சைக் காலத்தில் தாமாக எடுக்கக்கூடாது. சாப்பாட்டிலுள்ள கீரையும் பழமும் வேறு, அவற்றுக்குத் தடையில்லை.

இரண்டாவது புகை. சிகரெட்டிலும் பீடியிலும் சுருட்டிலும் வரும் காபனோரொட்சைட்டு, ஈமோகுளோபினில் ஒட்சிசன் உட்காரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது பாதியாகக் குறையவே நான்கைந்து மணித்தியாலம் செல்லும். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வைத்தியசாலை வாசலில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டுக் கதிர்வீச்சு அறைக்குள் வருபவர், அன்றைய 2 கிரேயை ஒட்சிசன் குறைந்த கட்டியுடன் பெறுகிறார். 1993 இல் வெளியான கனேடிய ஆய்வொன்றில் சிகிச்சைக் காலத்திலும் புகைத்தவர்களில் 45 சதவீதத்தினருக்கே கட்டி முற்றாகக் கரைந்தது. புகைக்காதவர்களில் அது 74 சதவீதம். இரண்டு வருடம் உயிருடன் இருந்தவர்கள் முறையே 39, 66 சதவீதம். எந்த விலையுயர்ந்த மருந்தும் இவ்வளவு வித்தியாசத்தைச் சுலபமாகக் கொடுப்பதில்லை. நம் நாடான இலங்கையில் ஆண்களிடம் வாய்ப் புற்றுநோயே முன்னணியில் இருப்பதால், புகையிலையுடன் சேர்ந்த வெற்றிலைக்கும் இந்த இடத்திலேயே முடிவு கட்டுங்கள்.

மூன்றாவது நாட்கணக்கு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழமையான திட்டம் 70 கிரே, 35 தடவை, ஏழு கிழமை. தொடங்கி ஏறக்குறைய நான்கு கிழமையானதும், எஞ்சிய கட்டிக் கலங்கள் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. நன்றாகத் திறந்த குழாய்களும் இப்போது அவற்றுக்குச் சாதகம். அந்தப் பெருக்கத்தை ஈடுசெய்யவே நாளொன்றுக்குச் சுமார் 0.6 கிரே செலவாகிறது. மொத்தச் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறத்தாழ 1 முதல் 1.5 சதவீதம் குறைகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சும் உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சும் சேர்த்து 56 நாளுக்குள் முடியவேண்டும். வேகமாக வளரும் இத்தகைய புற்றுநோய்களில் மொத்தக் காலம் இரண்டு நாளுக்கு மேல் நீளக்கூடாது என்று பிரித்தானியாவின் றோயல் கதிரியலாளர் கல்லூரி வழிகாட்டுகிறது.

நம் நாட்டு நாட்காட்டியில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஏழு கிழமைக்குள் ஒரு போயாவாவது (பௌர்ணமி விடுமுறை) வரும், சில வேளை இரண்டு. வெசாக் என்றால் அடுத்த நாளும் விடுமுறை. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போனால் திரும்பிவரப் பஸ் கிடைப்பதே பாடு. இதற்குமேல் இயந்திரப் பராமரிப்பு நாள், பழுது, செத்தவீடு, கோயில் கொடியேற்றம். ஒவ்வொன்றும் நியாயமான காரணமே, ஆனால் கட்டிக்கு அது ஓய்வு நாள். யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு வருபவர்கள் திங்கட்கிழமை காலைக்குள் வந்து சேர முடியாமல் ஒரு நாளை விடுவது வழக்கமாகிவிடக்கூடாது. கொழும்பில் தங்கி எடுக்க வசதியில்லை என்றால், தெல்லிப்பளை, மட்டக்களப்பு போன்ற வீட்டுக்குக் கிட்டிய நிலையங்களில் எடுக்கலாமா என்று சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். தொடங்கிய பின் இடையில் மாறுவது நாட்களைத் தின்னும்.

ஒரு நாள் தவறிவிட்டால் அதைக் கடைசியில் சேர்த்துவிடுவதே நடைமுறையில் அதிகம் நடக்கிறது. அளவு சரியாகிவிடும், காலம் சரியாகாது. தலை, கழுத்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் சரியான ஈடு, அதே கிழமையின் சனிக்கிழமையில் கொடுப்பது அல்லது வேறொரு நாளில் குறைந்தது ஆறு மணித்தியால இடைவெளிவிட்டு இருமுறை கொடுப்பது. அந்த ஆறு மணித்தியாலம் நல்ல திசு தன்னைத் திருத்திக்கொள்ளத் தேவையான நேரம். "இன்றைக்கு இரண்டு நாளுக்கும் சேர்த்துப் பிடித்துவிடுங்கோ" என்று நோயாளர்கள் கேட்பதுண்டு. அது ஆபத்தானது. இரண்டு நாளைக்கு 2 கிரே வீதம் கொடுப்பதற்குப் பதில் ஒரே தடவையில் 4 கிரே கொடுத்தால், வழக்கமான கணக்கீட்டில் கட்டி உணரும் தாக்கம் ஏறத்தாழ 17 சதவீதம் கூடும், பின்னாளில் பாதிக்கப்படும் நல்ல திசு உணரும் தாக்கமோ 40 சதவீதம் கூடும். அந்த நல்ல திசுக்களில் முக்கியமானவை குருதிக்குழாய்கள்தான்.

நல்ல குழாய்கள் எப்படிப் பாதிக்கப்படுகின்றன என்பது அடுத்தது. சிறிய மயிர்த்துளைக்குழாய்கள் மெல்ல மெல்ல அற்றுப்போகின்றன. மிஞ்சியவை சில இடங்களில் மெலிந்த சுவருடன் அகன்று, தோலிலும் குடலிலும் சிவந்த சிலந்தி வலையாகத் தெரிகின்றன. சிறு நாடிகளின் உட்சுவர் தடிக்கிறது. சுற்றியுள்ள திசு நாராக இறுகுகிறது. மாதங்களுக்குப் பின்னும் சில வேளை பல வருடங்களுக்குப் பின்னும் இவை வெளிப்படும்.

தாடை எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாடைக்குக் குருதி ஏற்கனவே குறைவு. 60 கிரே அளவில் கதிர்வீச்சு பட்ட பின் அங்கே பல் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்து அழுகத் தொடங்கலாம். ஆகவே ஆடுகிற பல், வேர் பழுதான பல் யாவற்றையும் சிகிச்சை தொடங்குவதற்கு இரண்டு மூன்று கிழமை முன்பே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிந்தினால் குழி ஆற நேரம் போதாது. கதிர்வீச்சு முடிந்து பத்து வருடமானாலும் பல் வைத்தியரிடம் முதலில் சொல்லவேண்டிய செய்தி, தாடையில் கதிர்வீச்சு பட்டது என்பது.

இடுப்புப் பகுதியில் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆறு மாதம் தொடக்கம் இரண்டு வருடத்துக்குள் மலத்துடன் இரத்தம் போகலாம். பலர் மூலவியாதி என்று மருந்து வாங்கிப் போடுகிறார்கள், சிலர் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று நொந்துபோகிறார்கள். பெரும்பாலும் அது மலக்குடலின் உட்படையில் அகன்ற மெல்லிய குழாய்கள் கசிவதே. ஆனாலும் கட்டாயம் காட்டவேண்டும். காட்டும்போது கதிர்வீச்சு எடுத்ததைச் சொல்லவேண்டும். ஏனெனில் மலக்குடலின் முன்சுவரில் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது அங்கே ஆறாத புண்ணையும் துளையையும் உண்டாக்கக்கூடும். தெரிந்த வைத்தியர் அதைத் தவிர்ப்பார்.

இடது மார்பகச் சிகிச்சையில் இதய நாடிகள் சம்பந்தப்படுகின்றன. சுவீடன், டென்மார்க் பெண்களை வைத்து 2013 இல் வெளியான ஆய்வு, இதயம் பெறும் சராசரி அளவின் ஒவ்வொரு கிரேக்கும் பெரிய இதய நோய் ஏற்படும் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டது. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்வது மார்புச் சுவரிலிருந்து இதயத்தை விலக்கத்தான். பிடிக்க முடியாதவர்கள் வெட்கப்படாமல் திட்டமிடும் நாளிலேயே சொல்லுங்கள். கழுத்தில் எடுத்தவர்கள் குருதியமுக்கத்தையும் கொலஸ்திரோலையும் ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும், கழுத்து நாடி ஒடுங்குவது பிற்காலத்தில் பக்கவாதமாக வரலாம்.

ஸ்கான் அறிக்கைகளைப் பற்றியும் ஒரு சொல். மூளைக்குக் கதிர்வீச்சு முடிந்து முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெருத்ததுபோலத் தெரியலாம். கசியும் குழாய்களிலிருந்து, ஸ்கானுக்காக ஏற்றும் சாயம் வெளியே பரவுவதாலும் அந்தத் தோற்றம் வரும். தலை, கழுத்துக்கு பெற் ஸ்கானைச் சிகிச்சை முடிந்து 12 கிழமைக்குப் பின் எடுப்பதும் கதிர்வீச்சால் வந்த அழற்சி தணியட்டும் என்றுதான். அவசரப்பட்டு ஆறாம் கிழமையில் சொந்தக் காசில் எடுத்து, அறிக்கையைப் பார்த்து உடைந்துபோக வேண்டாம்.

தங்கள் பத்திரிகை மூலம் சுகாதார அதிகாரிகளிடம் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறோம். போயாவும் புத்தாண்டும் ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே தெரிந்த நாட்கள். தலை, கழுத்து, கருப்பைக் கழுத்து நோயாளர்களுக்கு மட்டுமாவது அந்தக் கிழமைகளில் சனிக்கிழமைச் சிகிச்சையை அட்டவணையிலேயே போட்டுவைக்க வேண்டும், விடுமுறை கழிந்த பின் யோசிக்கக்கூடாது. மற்றது, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரின் நோய் விபர அட்டையிலும் (டயக்னோசிஸ் காட்) எந்த இடம், மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தடவை, தொடங்கிய திகதி, முடிந்த திகதி, தாடையோ மலக்குடலோ இதயமோ கதிர்வீச்சுக்குள் வந்ததா என்ற விபரங்கள் இருக்கவேண்டும். தமிழில் வாசிப்பவருக்கு அவற்றைத் தமிழிலும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். நோயாளர்களும் அந்த அட்டையின் போட்டோப் பிரதி இரண்டை எடுத்து, ஒன்றை வீட்டில் வைத்து மற்றதைப் பல் வைத்தியர் உட்பட எந்த வைத்தியரிடம் போனாலும் கையில் கொண்டுபோகவேண்டும்.

இப்படிக்கு,
கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் பணிபுரிவோர் சிலர்,
கொழும்பு.